சித்திரையிலும் ஈரமாக இருந்த சுவர்

"தேக்கிலேயே கரையான் ஏறிவிட்டது. இனி இந்த வீட்டைக் கட்டி மாரடித்து என்ன பயன்?" பெரியப்பச்சி (பெரியப்பா) மகனான அண்ணன் இப்படிக் கேட்டபோது பங்காளிகள் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் கோபத்தில் கேட்கவில்லை, மனம் நொந்துதான் கேட்டார். செட்டிநாட்டில் இந்தப் பேச்சு எழாத ஊர் இல்லை. முதலில் கரையான் என்பார்கள். சில ஆண்டுகளில் ஓடு சரிந்துவிட்டது என்பார்கள். பிறகு ஒருநாள் வாசலில் லாரி வந்து நிற்கும். தூண்கள், நிலைகள், உத்திரங்கள் எல்லாம் எண்ணி ஏற்றப்படும். அந்த வீட்டில் புழங்கிய சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் யாரோ விலை பேசிக்கொண்டிருப்பார்கள். கரையானில் தொடங்கி லாரியில் முடியும் இந்த வரிசையை எல்லோரும் இயற்கை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மரம் பழசானால் பூச்சி அரிக்கும், பூச்சி அரித்தால் வீடு போகும், அவ்வளவுதான் என்கிறார்கள். எனக்கு இதை ஏற்க முடியவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பூச்சியும் தொடாத நிலைக்கதவை, இப்போது மட்டும் கரையான் ஏன் தேடி வந்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. எங்கள் வீடு அவ்வளவு பெரியதும் அல்ல. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், 1920களில், பாட்டையா பர்மாவில் வட்டித் தொழில் செய்த பணத்தில் கட்டியது. முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி. தேக்கும் அங்கிருந்தே கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்த பிறகு பணம் வருவது நின்றது. வீடு மட்டும் நின்றது. இப்போது அது பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, சொந்தம். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம், முடிந்ததும் பூட்டுவோம். ஒரு வீட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்பத்தா இருந்த காலத்தில் தினமும் விளக்குமாறு எல்லா மூலைக்கும் போகும். சுவரில் விரல் நீளத்துக்கு மண் கோடு தெரிந்தால் அன்றைக்கே தட்டிவிடுவார், எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்ப்பார். பூட்டிய வீட்டில் அந்தக் கோடு பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

துளை போட்ட தரை

கரையான் தெரிந்ததும் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனம் ஒன்றை அழைத்தோம். அவர்கள் செய்தது ஒழுங்கான வேலைதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்ற விதிநூலின் மூன்றாம் பகுதி, ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு இப்படித்தான் செய்யச் சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஏறத்தாழ அடிக்கு ஒரு துளை, அதற்குள் மருந்துக் கரைசல், பிறகு துளையை அடைப்பது. ஆனால் அந்தத் துளைகள் விழுந்தது ஆத்தங்குடித் தரையில். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்குழம்பைக் கையால் ஊற்றி வார்த்து, சூளை காட்டாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக்கிய பூக்கற்கள் அவை. நூறாண்டுக் கால்பட்டு மெருகேறிய கல்லில் துளையிடும் சத்தத்தை நான் பக்கத்து அறையில் நின்று கேட்டேன். அடைத்த வெள்ளைச் சிமென்டுப் புள்ளிகள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. கற்களின் இணைப்பில் துளையிடக் கேட்டிருக்கலாம் என்று பிறகு ஒரு கட்டடக் கலைஞர் சொன்னார். இப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்கள் இதையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்து பலித்தது. மண் கோடுகள் காய்ந்து உதிர்ந்தன. ஆனால் இரண்டு மழைக்காலம் கழித்து அதே வடக்கு அறையில், மருந்து வைத்த ஓரத்துக்கு வெகு மேலே, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில் புதுக்கோடு கிளம்பியது. மறுபடி மருந்து என்றார்கள். அப்போதுதான் அந்த விதிநூலின் முதல் பகுதியைத் தேடிப் படித்தேன். அது மருந்தைப் பற்றியதே அல்ல, கட்டுமானத்தைப் பற்றியது. பூச்சி வராதபடி கட்டடத்தை எப்படி அமைப்பது என்பதை முதலில் வைத்துவிட்டு, மருந்தை அதற்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள். நாம் கடைசிப் பகுதியில் தொடங்கி அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம்.

கரையானைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது புரியும். மண்ணில் குடியிருக்கும் கரையானின் வேலைக்காரப் பூச்சிகளுக்குத் தோல் மிக மெல்லியது. உலர்ந்த காற்றில் கொஞ்ச நேரத்தில் உடலின் ஈரம் வற்றிச் செத்துவிடும். அதற்காகத்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கூரை போட்ட பாதை கட்டுகிறது. அந்தக் குழாய்க்குள் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஒன்று அது நிலத்து ஈரத்துக்குத் திரும்பத் திரும்ப இறங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்துக்குள்ளேயே ஓர் ஈரமான இடம் கிடைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டால் தரையோரத்து மருந்து அதை ஒன்றும் செய்யாது. எல்லாப் பூச்சியும் இப்படியல்ல. உலர்ந்த மரத்திலேயே வாழும் கரையான் இனமும் உண்டு. அது மண் பாதை கட்டாது, கசகசாவைப் போன்ற எச்சத்தைக் கீழே கொட்டும். உளு வேறு. அது ஊசித் துளை போட்டு மாவாக உதிர்க்கும். எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கரையான் மருந்து அடிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தேக்கின் கதையும் இதோடு சேர்ந்தது. வைரம் பாய்ந்த தேக்கில், அதாவது மரத்தின் இறுகிய நடுப்பகுதியில், இயற்கையாகவே ஊறியிருக்கும் பொருள்கள் கரையானுக்கு ஆகாதவை. அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்டி அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வைரத்துக்கு வெளியே இருக்கும் வெளிர் நிறப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. வைரமே ஆனாலும் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் காப்புப் பொருள்கள் கரைந்து குறையும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டிய நிலையில் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த மரம் கரையானுக்குச் சமைத்து வைத்த உணவு. ஆகவே தேக்கில் கரையான் ஏறியிருக்கிறது என்றால், அந்தத் தேக்கு நெடுங்காலமாக நனைந்துகொண்டிருக்கிறது என்றே நான் படிக்கிறேன். அண்ணன் அதை வீட்டின் முடிவு என்று படித்தார்.

சுத்தியல் விழுந்த இடம்

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பியிருந்தால் கூட்டத்தில் யாரையும் நம்பவைத்திருக்க முடியாது. நம்பவைத்தது ஒரு கொத்தனார். எழுபதைத் தாண்டியவர், சிறு வயதில் சுண்ணாம்பு வேலை கற்றவர், பிறகு வயிற்றுப்பாட்டுக்குச் சிமென்ட் பூசப் போனவர். சித்திரை மாதத்தில் அழைத்துவந்தேன். வெளியே அனல். வடக்கு அறைக்குள் வந்தவர் மண் கோட்டைப் பார்க்கவே இல்லை. சுவரின் கீழ்ப்பகுதியைத் தட்டிக்கொண்டே நடந்தார். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு, அந்தச் சுவரின் நீளம் முழுக்கச் சிமென்ட் பட்டை ஓடியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னால், சுவர் பொரிந்து உதிர்கிறது என்று யாரோ நல்லெண்ணத்தில் பூசியது. அது முடியும் இடத்துக்குச் சற்று மேலே, பழைய சுண்ணாம்புப் பூச்சில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"உடைக்கலாமா?" என்றார். உடையுங்கள் என்றேன். உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டார். பலகை அளவுக்குச் சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல் கறுத்திருந்தது. சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருந்த சந்து முழுக்கக் கரையான் பாதை, கிளை கிளையாக மேலே போனது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒற்றைக் கோடு அதன் நுனி மட்டும்தான். "தம்பி, கையை வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. "கார்த்திகை மழை விட்டு எத்தனை மாதம் ஆகிறது? இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" அப்படியே என்னை அழைத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனார். அங்கே யாரும் கை வைக்காததால் பழைய பூச்சு அப்படியே இருந்தது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சில், ஓர் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே செங்கல் வெளுத்து, பொடி பறக்கும்படி உலர்ந்திருந்தது. ஒரே அறை, ஒரே மண், ஒரே மழை.

அதுவரை மருந்தா, இடிப்பதா என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அண்ணனும் கூட இருந்தார். அவரும் இரண்டு சுவரிலும் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விற்பது பற்றி அன்று மாலை பேசவும் இல்லை.

ஓதம் ஏறும் வழி

பழைய வீடுகளின் அடித்தளத்தில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் தார்ப்பட்டை கிடையாது. செங்கல்லின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் மெல்ல மேலே ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். கட்டியவர்களுக்கு இது தெரியும். அதனால் அவர்கள் ஈரத்தைத் தடுக்க முயலவில்லை, சுவரின் முகம் வழியாக வெளியேற விட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு துளை நிறைந்தது. ஏறிய ஈரம் அதன் முகத்தில் ஆவியாகிவிடும், அதிக உயரம் ஏறுவதற்குள் குறைந்துவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஆவி வெளியேற வழி குறைகிறது. ஈரம் நிற்காது, சிமென்ட் எங்கே முடிகிறதோ அதுவரை ஏறிப் போய் அங்கே வெளியேறப் பார்க்கும். கரைந்து வந்த உப்பு அங்கே படிகமாகிப் பூச்சை உடைக்கும். உடனே சிமென்ட் பட்டையை இன்னும் இரண்டடி உயர்த்துவார்கள். ஓதமும் இரண்டடி உயரும். இப்படியே போனால் சுவரோடு சேர்ந்த மரத்தையும் தொட்டுவிடும். எங்கள் வடக்கு அறையில் நடந்தது இதுதான். மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணப்பூச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் அதிகமாகக் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். வறண்ட நாடு என்றுதான் பெயர். அப்படியிருக்கச் சித்திரையில் நனைந்திருக்கும் சுவருக்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. தேடினோம். சுவருக்கு மறுபக்கம் ஒரு கல்யாணத்துக்காக அவசரமாகக் கட்டிய குளியலறை இருந்தது. அதன் குழாய் பழைய சுவரைக் குடைந்து உள்ளே பதிக்கப்பட்டிருந்தது, இணைப்பில் கசிவு. வீடு பூட்டியிருந்தாலும் மேல்தொட்டியில் தண்ணீர் நின்றதால் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வளவைச் சுற்றி ஓட்டுத் தண்ணீரை வாங்கும் தகரப் பீலி ஒரு மூலையில் துருப்பிடித்து ஓட்டையாகி, சரியாக அந்தச் சுவரின் தலையில் ஊற்றியிருக்கிறது. இரண்டையும் சரிசெய்த செலவு, இரண்டு முறை மருந்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருந்தது. வளவில் விழும் மழைநீர் கல் தூம்பு வழியாகத் தெருக்கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி இந்த ஊர்களை அமைத்தார்கள். அதற்காகத்தான் வீடுகள் உயர்ந்த மேடையில் நிற்கின்றன. ஆனால் தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும், சிமென்ட் போடும்போதும், பழைய அடுக்கின் மேலேயே புதியதைப் போட்டார்கள். 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். மிகச் சரியான உத்தரவு. எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. ஏறிப்போன படிகளில் இரண்டு இப்போது தெருவுக்கு அடியில். தூம்பின் வாய் கால்வாய் மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால், பெருமழையில் தண்ணீர் வெளியே போகாமல் திரும்பி உள்ளே வருகிறது. ஒரு வீட்டுக்காரர் தனியாகத் தீர்க்க முடியாத சிக்கல் இது ஒன்றுதான். அதனால்தான் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் செய்துவிட்டுப் பெருமைப்படும் வீடுகள் நிறைய. இந்த வீடுகளில் தேக்குத் தூண் எதுவும் நேராகத் தரையில் நிற்பதில்லை. அடியில் கருங்கல் பீடம் இருக்கும். அலங்காரம் என்று நினைக்கிறோம். நிலத்து ஈரம் மரத்தைத் தொடாமல் இருக்கவும் அது உதவுகிறது. பளிங்கு மாதிரி வழவழக்கும் புதுக் கற்களைப் பழைய தரையின் மேலேயே ஒட்டும்போது தரை உயர்கிறது, பீடம் புதைகிறது. நிலைக்கால்களின் அடியும் காரைக்குள் மூழ்குகிறது. துடைக்கும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் மரத்தின் வெட்டுமுகத்தில் ஏறும். மரம் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது அந்த முகத்தால்தான்.

பொறுத்திருந்து பூசிய சுண்ணாம்பு

சிமென்ட் பட்டையை முழுக்க உடைத்தெடுத்தோம். உடனே பூசுங்கள் என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். கொத்தனார் மறுத்துவிட்டார். ஈரச் சுவர் உலர ஓரங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கட்டடப் பாதுகாப்பில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எங்கள் சுவர்கள் ஒன்றரை அடிக்கு மேல். கணக்குப்படி பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சன்னல்களைத் திறந்து போட்டோம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் காலையில் திறந்து மாலையில் அடைக்க ஒப்புக்கொண்டார். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும் என்றார் கொத்தனார். கரையான் பாதைகள் அத்தனையையும் உடைத்துவிட்டு, ஓரிடத்தில் மட்டும் சிறிதளவு பெயர்த்து அடையாளம் வைத்தோம். மறுநாள் மூடியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். முதலில் மூடியது. கசிவை நிறுத்தி, சுவர் வெளுக்கத் தொடங்கிய பிறகு மூடவில்லை. மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணில் பெரிய கூடு இருந்தால் மருந்து வேண்டும். உத்திர முனையிலும் நிலைக்காலிலும் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் போரேட் உப்புக் கரைசலைத் தடவினோம். ஆனால் சுவரை உலர்த்தாமல் அடித்த மருந்துக்கும், உலர்த்திய பிறகு தடவிய மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆசாரி வந்து நிலைக்காலைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோரும் முழுக்க அரித்துவிட்டது என்று நினைத்த நிலை, அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குத்தான் கெட்டிருந்தது. அதற்கு மேல் உளி இறங்க மறுத்தது. கெட்டதை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, பழைய தேக்குத் துண்டு ஒன்றை நாக்குப் பொருத்தி ஒட்டுப் போட்டார். ஒட்டின் கோடு தெரிகிறது. தெரியட்டும். அடியில் ஒரு கருங்கல் துண்டும் வைத்தார். இந்த ஒரு நிலையை அரித்தது என்று சொல்லித்தான் மொத்த வீட்டுக்கும் விலை பேச இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம், செலவும் கூடுதல், நாளும் ஆகும். நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊற வேண்டும், அரைக்க வேண்டும், கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் சேர வேண்டும், ஒவ்வோர் அடுக்கும் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுக வேண்டும். சிமென்ட் பூசுபவர் ஒரே நாளில் முடித்துக் கொடுப்பார். அந்த ஒரு நாள் வேலைதான் இந்த வட்டாரத்து வீடுகளைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் பட்டியலில் ஏறிய ஊர்களில் ஒரு வீட்டுக்காரர் சுண்ணாம்பு பூச நினைத்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கிறார். எங்கள் கொத்தனாரிடம் இப்போது இரண்டு இளைஞர்கள் கற்றுக்கொள்கிறார்கள். சிமென்ட் வேலைக்குக் கிடைக்கும் கூலியைவிட அதிகம் கொடுத்தால்தான் அவர்கள் நிலைப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும்.

வடக்கு அறை முடிந்தது. முகப்பின் மேற்குச் சுவரும் அடுப்படியும் இன்னும் சிமென்டுக்குள்தான் இருக்கின்றன. அங்கே கரையான் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் பணம் ஒதுக்கப் பங்காளிகளுக்கு மனம் வரவில்லை. தைப் பொங்கலுக்கு எல்லோரும் வருவார்கள். மேற்குச் சுவரில் ஒரு முழம் உடைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பீலி முழுவதையும் மாற்றவும், சன்னல் திறக்கும் ஆச்சிக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கவும், ஆண்டுதோறும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு போட வேண்டும் என்று கணக்கெழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அண்ணன் மட்டும் இதுவரை பதில் எழுதியிருக்கிறார், தன் பங்கைப் போடுவதாக. தெரு மட்டத்தைப் பற்றிப் பேரூராட்சிக்கு மனு எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஐப்பசிக்குள் தூம்பின் வாயைத் திறந்துவிட வேண்டும்.